கடிக்காத புழுக்கள்

பயப்படாதீர்கள் அம்மா, மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. புழுதான். வெளியே வராது. வந்தாலும் உங்களை ஒன்றும் செய்யாது, இதற்கு வேண்டியது கொண்டைக்கடலைக் காய். டப்பாவை மேலே மூட்டை வைக்கிற இடத்தில் வைக்கச் சொல்லிக் கண்டக்டர் ஏறும்போதே ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டார். மேலே வைத்தால் அருப்புக்கோட்டை போவதற்குள் வெந்துவிடும் என்றேன். புழுவுக்கா இவ்வளவு கவலை என்று கேட்டார். புழுவுக்கில்லை சார், என்னுடைய மூன்றரை வருடத்துக்கு என்றேன். அவருக்கு விளங்கவில்லை, அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் மதுரை வரைக்கும்தானே? அப்படியானால் நேரம் இருக்கிறது.

என் பெயர் மதிவதனி. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். யுனிவர்சிட்டியில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன், பி.எச்டி. எதற்கெடுத்தாலும் விவாதம் பண்ணுகிறவள் என்று டிபார்ட்மெண்டில் எனக்குப் பெயர். அதை ஒரு குறையாகச் சொல்வார்கள். விவாதம் பண்ணாமல் என்ன அறிவியல், நீங்களே சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் மூன்று பேர் என்னை ஏமாற்றிவிட்டார்கள். ஒரு பேராசிரியர், ஒரு அக்கா, ஒரு புழு. புழுவில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் முதலில் ஏமாற்றியது.

இந்தக் கரிசல் காட்டில் கொண்டைக்கடலை பூத்துக் காய் பிடிக்கிற நேரத்தில் பச்சையாக ஒரு புழு வரும். காயில் ஓட்டை போட்டுத் தலையை உள்ளே விட்டுத் தின்னும், உடம்பு வெளியே தொங்கும். காய்ப்புழு என்பார்கள். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் கோதண்டம் சார், என் கைடு அவர்தான், கோவில்பட்டிப் பக்கம் ஒரே ஒரு வயலில் நாற்பது புழுவைப் பிடித்துக்கொண்டு வந்தார். லேபில் வைத்து வளர்த்தார். கடலைமாவில் களி கிண்டி ஊட்டினார். அவை அந்துப்பூச்சி ஆகி, முட்டை போட்டு, மறுபடி புழுவாகி, வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தலைமுறை. இன்றுவரை அதே அறை, அதே களி, அதே நாற்பதின் பிள்ளை பேரன்கள். வெளியே இருந்து ஒரு புதுப் புழு அந்த அறைக்குள் வந்ததில்லை. நாங்கள் கேலியாகக் கோதண்டம் வம்சம் என்போம்.

இந்த வம்சம் எங்கள் லேபோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பூச்சிகள் ஒரு கறுப்புத் துணியில் முட்டை போடும். அந்தத் துணியைக் கத்திரித்து, உறையில் போட்டு, கூரியரில் இன்னும் ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறோம். வாராவாரம். அங்கே யார் புழுவுக்கு மருந்து கண்டுபிடித்தாலும் அதில்தான் சோதிப்பார்கள். காட்டுப் புழுவில் சோதித்தேன் என்று கட்டுரை எழுதினால் ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காட்டுப் புழு ஒன்றுபோல இருக்காதாம். ஒரு நாள் ஒரு முடிவு, மறுநாள் வேறு முடிவு வருமாம். நம்முடையது எத்தனை தடவை செய்தாலும் ஒரே முடிவு. அதுதான் பெருமை. ஒரே ஒரு குடும்பத்துக்குச் சட்டை அளவெடுத்துவிட்டு அதே அளவில் தமிழ்நாட்டுக்கே தைத்தால் எப்படி இருக்கும், அதைத்தான் இருபத்து மூன்று வருடமாகச் செய்துகொண்டு இருக்கிறார்கள். ஒருத்தருக்கும் பொருந்தவில்லை என்றால் ஆட்களின் உடம்புதான் சரியில்லை என்பார்கள்.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் அந்தத் துணியை நம்பினவள்தான், அதை மறைக்கவில்லை.

ஆடுதின்னாப்பாளை என்று ஒரு கொடி, தரையோடு படரும். ஆடு வாய் வைக்காது. அந்த இலையின் சாற்றைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். நூறு புழுவுக்குக் கொடுத்தேன், மூன்றாம் நாள் தொண்ணூற்றிரண்டு செத்துக் கிடந்தன. மறுபடி செய்தேன், தொண்ணூற்று மூன்று. ஆறு தடவை செய்தேன் அம்மா. கோதண்டம் சார் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனி நீ வயல்ல போய்ப் பார்க்கலாம்மா" என்றார். அந்த 'ம்மா'வுக்காக மூன்று நாள் சந்தோஷமாக இருந்தேன். அவர் யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார்.

வயலுக்கு எங்கே போவது? அங்கேதான் செல்லக்கனி அக்கா வருகிறார்.

அவர் எங்கள் லேபில் புழு வளர்க்கிறவர். பத்தொன்பது வருடமாக ஒப்பந்த வேலை. காலை ஏழு மணிக்கு வந்து களி கிண்டுவதில் இருந்து துணி மாற்றுவது வரை எல்லாம் அவர்தான். புழுவைக் கையால் எடுத்தால் நசுங்கும், அதனால் ஒரு மெல்லிய பெயிண்ட் பிரஷ் வைத்திருப்பார், அதன் முடியில் ஏற்றி இறக்குவார். எவ்வளவு சின்னப் புழுவாக இருந்தாலும் நோகாது. நாங்கள் வாரத்துக்கு நூறு கேட்போம், இருநூறு கேட்போம், முகம் சுளிக்காமல் எண்ணிக் கொடுப்பார். என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவார். மத்தியானம் நான் மெஸ்ஸுக்குப் போகவில்லை என்றால் அவர் டப்பாவில் பாதி எனக்கு. லேபில் நான் நம்பின ஒரே ஆள், சொல்கிறேன் பாருங்கள், ஒரே ஆள்.

வயலுக்கு இடம் தேடுகிறேன் என்று தெரிந்ததும் அவரே, எங்க தம்பி வயல் விளாத்திகுளம் பக்கம் இருக்கு, அதுல போடு தாயி என்றார். தம்பி பொன்பாண்டி. அரை ஏக்கர் கடலை. அவர் கொஞ்சம் யோசித்தார். பூ விட்டதும் கடை மருந்து அடிக்காவிட்டால் புழு மொய்த்துவிடும் என்றார். பதினைந்து நாள் என் மருந்தை மட்டும் அடியுங்கள், நான் பொறுப்பு என்றேன். அக்காவும், "அந்தப் பிள்ள ஒண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும், நான்தான் தினமும் பாக்கேனே, புழு அப்பிடியே சுருண்டு விழுது" என்று போனில் சொன்னார். அவர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். நானும் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினேன்.

பன்னிரண்டாம் நாள் போய்ப் பார்த்தேன். காய்க்குக் காய் ஓட்டை. புழுக்கள் நல்ல வாட்டசாட்டமாக இருந்தன. பொன்பாண்டி அண்ணன் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. ஒரு செடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க மருந்து நல்ல டானிக் போல தாயி, இதுக தெம்பாயிருச்சு" என்றார். அவ்வளவுதான். அந்த அரை ஏக்கரை மாட்டுக்கு அறுத்துப் போட்டார்.

சாரிடம் வந்து சொன்னேன். மழை பெய்திருக்கும், சாறு கழுவிப் போயிருக்கும் என்றார். அந்தத் தை மாதம் சொட்டு மழை இல்லை சார் என்றேன். பனியாக இருக்கும் என்றார். இதற்கு மேல் என்ன பேசுவது. அந்த வயலில் இருந்து நூறு புழு பொறுக்கிக்கொண்டு வந்திருந்தேன். லேபில் அதே சாறு, அதே அளவு. நூற்றில் பதினொன்று செத்தது. பதினொன்று! பக்கத்துத் தட்டில் கோதண்டம் வம்சம், தொண்ணூற்றிரண்டு. நான் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் புழு வளர்க்கிற அறைக்குப் போனேன். போனால் அக்கா வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்து பிரஷ்ஷோடு வேலை பார்த்துக்கொண்டு இருந்தார். இந்தப் புழுவுக்கு ஒரு குணம் உண்டு அம்மா, சொல்ல மறந்துவிட்டேன். ஒன்றை ஒன்று தின்னும். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் பொறுக்காது. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில் வளர்க்க வேண்டும், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அக்கா முன்னால் ஒரு கிண்ணத்தில் ஐந்து இருந்தன. ஒன்று இன்னொன்றின் முதுகில் வாய் வைத்தது. அக்கா பிரஷ்ஷால் அந்தக் கடித்ததைத் தூக்கி, பக்கத்தில் இருந்த சோப்புத் தண்ணீரில் போட்டார். அடுத்த கிண்ணம். பத்துப் பன்னிரண்டு கிண்ணம் தள்ளி இன்னொன்று. போட்டார்.

நான் கேட்டேன், என்ன அக்கா பண்றீங்க என்று.

"கடிக்கிற சாதி தாயி இது. இதை விட்டா மத்ததையும் தின்னுரும். சாதுவா இருக்கிறதை மட்டும் முட்டைக்கு வச்சுக்கிடுவேன்."

எவ்வளவு நாளாக?

குப்பிகள் உடைந்த பிறகு என்றார். முதலில் ஆயிரத்து இருநூறு குப்பி இருந்ததாம். கழுவிக் கழுவி உடைந்தது. வாங்கித் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாராம், வரவில்லை. ஆனால் புழு மட்டும் வாரம் மூவாயிரம் வேண்டும். அப்போது ஒரு கிண்ணத்துக்கு ஐந்து என்று போட ஆரம்பித்தார். கடிப்பதை எடுத்துவிட்டால் மற்ற நாலும் பிழைக்கும் என்று கண்டுபிடித்தார். வருடம் ஆக ஆகக் கடிப்பது குறைந்தது, வேலை லேசாயிற்று. "அந்தக் காலத்துல கிண்ணத்துக்கு ரெண்டு மூணு எடுப்பேன் தாயி, இப்போ பத்துக் கிண்ணத்துக்கு ஒண்ணு கூட வராது" என்று பெருமையாகச் சொன்னார். பதினாறு வருடம் அம்மா. பதினாறு வருடமாக முரட்டுப் புழுவை எல்லாம் கழித்து, சவலைப் புழுவாகப் பார்த்துப் பார்த்து வம்சம் வளர்த்திருக்கிறார். அந்தச் சவலையை வைத்து நாற்பத்தொரு தீசிஸ் எழுதிப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். கோதண்டம் சார் அந்த அறைக்குள் கால் வைத்துப் பத்து வருடம் இருக்கும். எண்ணிக்கை சரியாக வந்தால் அவருக்குப் போதும்.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பா தாயி என்று கேட்டார். தப்பில்லை அக்கா, ரொம்ப முக்கியமான விஷயம் என்றேன். "சார்கிட்ட சொல்லிராத, என்னா" என்றார். நான் தலையாட்டினேன்.

இதைத்தான் பிறகு ஹாஸ்டல் தோழிகள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். தலையாட்டினாயே, தலையாட்டினாயே என்று. சொல்ல மாட்டேன் என்று நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனா? தலையாட்டுவது கேட்டுக்கொண்டேன் என்பதற்கு அடையாளம். தவிர, அவர் சாரிடம்தான் சொல்லாதே என்றார். நான் சாரிடம் தனியாகச் சொல்லவே இல்லையே.

ஆகஸ்டில் எங்களுக்கு ஒரு செமினார் நடக்கும். முட்டைத்துணி வாங்குகிற ஐந்து பல்கலைக்கழகத்தில் இருந்தும் ஆட்கள் வருவார்கள். எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஆடுதின்னாப்பாளையைப் பற்றிப் பேசுவதாகத் தலைப்புக் கொடுத்திருந்தேன். பேசியது வேறு. முன்கூட்டிச் சொன்னால் சார் தடுத்திருப்பார், அதனால் சொல்லவில்லை. ஆறு மாதம் ராப்பகலாகத் தயாரித்தேன். லேப் புழு தொண்ணூற்றிரண்டு, காட்டுப் புழு பதினொன்று. ஏன்? அடுத்த ஸ்லைடு.

அடுத்த ஸ்லைடில் செல்லக்கனி அக்காவின் படம். பிரஷ்ஷும் கிண்ணமுமாக. கீழே பெயர், பணி, தகவல் தந்தவர் என்று. நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், இது மரியாதை. ஒரு விஷயத்தை யார் சொன்னார்களோ அவர்கள் பெயரைப் போட வேண்டும், போடாவிட்டால் அது திருட்டு. இத்தனை வருடத்தில் அந்த அக்காவின் பெயரை ஒரு கட்டுரையில் ஒருத்தர் போட்டதுண்டா? நான் போட்டேன். அதற்கு முதல் நாளே அவரிடம் சொல்லியும் வைத்தேன், அக்கா நாளைக்கு உங்க போட்டோ ஸ்க்ரீன்ல வரும், கட்டாயம் வாங்க என்று. வந்தார். பச்சைப் பட்டுப் புடவை, தலையில் பூ. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் ஆங்கிலத்தில்தான் பேசினேன், வெளியில் இருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், வேறு என்ன செய்வது. அவர் படம் வந்ததும் வாயைப் புடவை முனையால் மூடிக்கொண்டு சிரித்தார். நான் கடைசிவரை பேசி முடிக்கிறவரைக்கும் சிரித்த முகமாகவே இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கோதண்டம் சார் எழுந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. பின்னால் திரும்பி, தமிழில், ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"என்னம்மா செல்லக்கனி, நீ பதினாறு வருஷமா கடிக்கிற புழுவை எல்லாம் பொறுக்கித் தூரப் போட்டியாமே. அதனாலதான் எங்க எல்லார் ஆராய்ச்சியும் வீணாப் போச்சாம். இந்தப் பொண்ணு சொல்லுது. உண்மையா?"

அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். எழுந்த பிறகுதான் கேள்வி காதில் விழுந்தது போல. என்னைப் பார்த்தார். அந்த ஹாலில் அறுபது பேர் இருப்பார்கள், எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றார்.

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். மறுபடி கேட்டதற்கும் அதே பதில். என் மூன்று வருடம் அந்த ஒரு வரியில் போயிற்று. யாரை நம்பினேனோ, யார் டப்பாவில் சாப்பிட்டேனோ, அவரே அறுபது பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார். இதற்கு என்ன பெயர் அம்மா? நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

சார் அதற்குப் பிறகு, இது என் மாணவியின் சொந்தக் கருத்து, துறைக்குச் சம்பந்தமில்லை என்று அறிவித்தார். அதுவரை ம்மா போட்டவர். தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஒரே ஒரு வயல்ல ஒரே ஒரு வருஷம் பொறுக்கின புழுவை வெச்சு முடிவுக்கு வந்துட்டே. பத்து வயல் பார்த்தியா?" என்றார். என்ன விதண்டாவாதம் பாருங்கள். உண்மை கண் முன்னால் நிற்கும்போது பத்து இடம் எதற்கு? ஒரு வயல் போதும், நல்ல வயலாக இருந்தால்.

இப்போது நிலைமை இதுதான். மூன்று பேர் கமிட்டி போட்டிருக்கிறார்கள். கடிக்கிற புழுவை எடுத்துப் போட்டேன் என்று செல்லக்கனி அக்கா ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் தீசிஸ் நிற்கும். இல்லாவிட்டால் ஆதாரமில்லாத பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். ஜனவரி பத்து கடைசித் தேதி. முட்டைத்துணி இன்னும் வாராவாரம் ஐந்து ஊருக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வாங்குகிறவர்களும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு வந்த ஒரு கடிதத்தில், நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் வேறு புழுவுக்கு நாங்கள் எங்கே போவது என்று எழுதியிருந்தார் ஒருத்தர்.

அக்காவா? அவருக்குச் செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் எழுதவில்லை, முடிந்தது, அவ்வளவுதான். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வேலைக்காக நானே போராடியிருப்பேன். இல்லை என்று சொன்னவருக்காக எப்படிப் போராடுவது, எந்த அடிப்படையில்? வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பி ஊருக்கே வந்துவிட்டார்.

இன்று காலையில் அங்கேதான் போனேன். தாளைத் தட்டச்சு செய்தே கொண்டு போனேன், தமிழில்தான், அவர் வாசிக்க வேண்டும் என்று. வாசலில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். வா என்றார். தோசை ஊற்றிக் கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டே நான்தான் பேசினேன். அறிவியல் என்றால் என்ன, ஒரே ஒரு வம்சத்தை நம்பினால் என்ன ஆபத்து, நாளைக்கு எத்தனை விவசாயி உங்கள் தம்பி மாதிரி நிற்பான், எல்லாம். எனக்கே திருப்தியாக இருந்தது, அவ்வளவு கோவையாகப் பேசினேன்.

தாளை வாங்கி வாசித்தார். விரலை வைத்து வாசித்தார். மடித்து என் பக்கத்தில் வைத்தார்.

"போட்டோ போடுதேன்னுதான தாயி சொன்ன. எதுக்குப் போடுதேன்னு சொல்லலியே."

நான் விளக்கினேன். அது கௌரவம், அது மேற்கோள், உங்கள் பெயர் இல்லாவிட்டால் அது திருட்டு என்று.

"அம்புட்டுப் பேரும் என்னையே பாக்காவ. நான் என்னமோ பரிசு குடுக்காவன்னு நினைச்சிட்டு இருக்கேன். பட்டுச்சேலை வேற." இன்னொரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். அப்புறம் சொன்னார், "எல்லாரும் வந்து ஒண்ணுபோல இருக்கதாக் குடுங்க, துள்ளாததாக் குடுங்கன்னுதான் கேப்பாவ. நீயும்தான் கேட்ட. முத வருசம், ஞாபகம் இருக்கா, கடிச்சிட்டுன்னு ஒரு தட்டையே திருப்பிக் கொண்டாந்த."

அது வேறு விஷயம் அம்மா. முதல் வருடம் எனக்கு என்ன தெரியும். எல்லாரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். அதைப் போய் இப்போது எடுக்கிறார் பாருங்கள். ஒரு வாதத்துக்குப் பதில் இல்லாதபோது ஆளைப் பிடித்துக்கொள்வது.

கையெழுத்துப் போடுவீர்களா மாட்டீர்களா என்று நேராகக் கேட்டேன். "இன்னொருக்க எம் பேரு அங்க வேண்டாம் தாயி" என்றார். உள்ளே போனார். பேனா எடுத்து வரப் போகிறாரோ என்று நினைத்தேன். அந்தப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். இனிமே இது எனக்கு எதுக்கு, நீ வச்சுக்க என்றார். இதோ, இதுதான். முடி எப்படித் தேய்ந்திருக்கிறது பாருங்கள். நன்றாக வேலை செய்கிறது.

அவ்வளவு அன்பு இருக்கிறவர் ஒரு கையெழுத்துப் போடக் கூடாதா? அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

வேண்டாம் அம்மா, நீங்கள் சாப்பிடுங்கள், புழுவைத் தொட்ட கை. நான் இறங்கிக் கழுவிவிட்டுத்தான் எதையும் தொடுவேன்.

ஆனால் நான் விடுகிற ஆளில்லை. வயலுக்குப் போனேன். பொன்பாண்டி அண்ணன் வரப்பில் நின்று ஸ்ப்ரேயரைத் துடைத்துக்கொண்டு இருந்தார். நாளைக்குக் கடை மருந்து அடிக்கப் போறேன், வேணும்னா இன்னைக்கே பொறுக்கிக்கோங்க என்றார். அறுபத்தைந்து பொறுக்கினேன். போன வருடம் என் மருந்தைத் தாங்கின அதே வயல், அதே மண். இதுதான் உண்மையான புழு. கோதண்டம் வம்சத்தின் கதை முடிந்தது. இதில் இருந்து நான் புதிதாக ஒரு வம்சம் வளர்க்கப் போகிறேன். சார் லேப் தராவிட்டால் ஹாஸ்டல் அறையிலேயே வளர்ப்பேன். ஆறு மாதத்தில் முட்டைத்துணி தயார். வேறு புழுவுக்கு எங்கே போவது என்று கேட்டார்களே, ஐந்து பேருக்கும் நானே அனுப்புகிறேன். இனி யார் எந்த மருந்து சோதித்தாலும் இதில் சோதித்தால் போதும். எல்லாருக்கும் ஒரே புழு, அதுவும் நம்பிக்கையான புழு.

பெயர் கூட யோசித்துவிட்டேன். செல்லக்கனி வம்சம். ஒவ்வொரு உறையின் மேலேயும் அச்சடித்துப் போகும். ஒருநாள் அவருக்குத் தெரிய வரும், அப்போது என் மனசு புரியும். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை.

இருங்கள். பந்தல்குடி தாண்டிவிட்டோமா? ஒரு தடவை திறந்து பார்த்துவிடுகிறேன், காற்று வேண்டும் இவைகளுக்கு. குப்பி நாற்பதுதான் கிடைத்தது, மீதி இருபத்தைந்தையும் இந்தப் பெரிய டப்பாவில் போட்டுவிட்டேன், காயும் போட்டிருக்கிறேன். இன்று ஒரு நாள்தானே.

அடடா. இங்கே பாருங்கள். இது இன்னொன்றைப் பிடித்துவிட்டது. பாதி தின்றேவிட்டது. கொஞ்சம் இந்த மூடியைப் பிடித்துக்கொள்கிறீர்களா? இப்படி ஒன்றை உள்ளே விட்டால் மதுரை போவதற்குள் பாதி காலியாகிவிடும். அந்தப் பிரஷ். ஆமாம், உங்கள் மடியில்தான் இருக்கிறது, கொடுங்கள். நோகாமல் ஏற வேண்டும். ம், ஏறிவிட்டது. ஜன்னலை மட்டும் கொஞ்சம் தள்ளுங்கள்.

போயிற்று. அதோ அந்த மூலையில் இன்னொன்று தலையைத் தூக்குகிறது, அதையும் எடுத்துவிடலாம்.

அவ்வளவுதான் அம்மா, மூடியைக் கொடுங்கள். இப்போது பாருங்கள், எவ்வளவு சாதுவாக இருக்கின்றன.